கடன் வாங்கிய நினைவகம்: பழைய மடிக்கணினி வாங்கும் பெண்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் பெண்களோடு வேலை செய்யும்போது, கடந்த சில வருடங்களாக ஒரு முறைப்பாட்டை நான் அடிக்கடி கேட்டு வருகின்றேன். "மிஸ், லப்டொப் இருக்குது, ஆனா வீடியோ ஓடுதில்ல." "கடையில காட்டினா வீஜிஏ காணாது எண்டு சொல்றாங்க." தையல் இயந்திரம், கோழி வளர்ப்பு, நுண்கடன் என்று கதைக்கும் எமது கூட்டங்களில் இப்போது வீஜிஏ என்ற சொல்லும் வந்து சேர்ந்துவிட்டது. அந்தச் சொல்லின் பொருள் தெரியாத காரணத்தால் பெண்கள் பணத்தை இழக்கின்றார்கள் என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

எமது கிராமங்களுக்கு மடிக்கணினிகள் பல வழிகளில் வந்தன. வெளிநாட்டில் இருக்கும் அண்ணனோ சித்தியோ தாங்கள் பாவித்ததை அனுப்பி வைக்கின்றார்கள். தொண்டு நிறுவனங்கள் நகரத்து அலுவலகங்களில் கழித்தவற்றைத் திருத்திக் கொடுக்கின்றன. தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் திகதி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. அங்கு படித்துவிட்டு ஊர் திரும்பிய பிள்ளைகளிடமும் அவ்வாறான கணினிகளைக் கண்டிருக்கின்றேன்.

2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, "பிள்ளைக்கு சூம் வகுப்பு" என்று தாய்மார் கணினி தேடி அலைந்தார்கள். 2022இல் டொலரின் பெறுமதி சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கும் மேலாக ஏறியபோது புதிய கணினி எங்கள் கைக்கு எட்டாததாகியது. அதன் பின்னர் பலருக்கும் எஞ்சியது, பட்டணத்துக் கடைகளில் விற்கப்படும் பாவித்த கணினிகளே.

மூதூர், சம்பூர், வெருகல் பக்கத்துப் பெண்களைப் பொறுத்தவரை இது சின்ன விடயமல்ல. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் ஒரு தடவையும், 2006ஆம் ஆண்டின் இடப்பெயர்வில் இன்னொரு தடவையும் வீட்டுச் சாமான்களை முற்றாக இழந்தவர்கள் இவர்களிடையே இருக்கின்றார்கள். சம்பூர் மக்கள் தங்கள் காணிகளுக்குத் திரும்ப 2015, 2016ஆம் ஆண்டுகள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படி ஒன்றுமில்லாமல் மீண்டும் ஆரம்பித்த ஒரு தாய் தோட்டை அடகு வைத்து வாங்கும் பொருள் வேலை செய்யாவிட்டால், அவருக்கு இழப்பு பொருளோடு முடிவதில்லை. வட்டியும் கட்ட வேண்டும்.

வீஜிஏ என்றால் என்ன?

எங்கள் நாட்டில் கடைக்காரர்கள் வீஜிஏ என்று சொல்வது, திரையில் தோன்றும் படத்தை உருவாக்கும் பகுதியையே. கணினியின் மூளை கணக்குப் பார்க்கின்றது. அந்தக் கணக்கை எழுத்தாகவும் படமாகவும் வீடியோவாகவும் திரையில் வரைந்து காட்டும் வேலையை இந்தப் பகுதி செய்கின்றது. வரைவதற்கு அதற்கும் நினைவகம் வேண்டும்.

விலை கூடிய கணினிகளில் இந்தப் பகுதி தனியான அட்டையாகவோ சில்லாகவோ இருக்கும். அதற்கென்று சொந்த நினைவகமும் இருக்கும். விலை குறைந்த கணினிகளில் அது தனியாக இல்லை; கணினியின் பிரதான சில்லுகளுக்குள்ளேயே சேர்த்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் நிறுவனம் 1999ஆம் ஆண்டில் 810 என்ற சில்லுத் தொகுதியுடன் இம்முறையைப் பரவலாக்கியது. கணினியின் விலையைக் குறைப்பதே நோக்கம். இன்று நாங்கள் காணும் பாவித்த மடிக்கணினிகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை.

இந்த வகைக்குப் பெரும்பாலும் சொந்த நினைவகம் கிடையாது. கணினியின் பொது நினைவகமான ரேமிலிருந்து அது கடன் வாங்குகின்றது. இரண்டு வீட்டாருக்கு ஒரே கிணறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் கலியாணம் என்றால் மற்ற வீட்டுக்குத் தண்ணீர் குறையும். அதுபோல, வீடியோ ஓடும்போது படப் பகுதி கூடுதலாக எடுத்தால் மற்ற வேலைகளுக்கு ரேம் குறையும்.

"மிஸ், 4 கிகாபைட் எண்டு சொல்லித்தான் தந்தவங்கள். உள்ளுக்குப் பார்த்தா 3.89தான் பாவிக்கலாம் எண்டு கிடக்குது. மிச்சத்த கடைக்காரன் கழட்டி எடுத்திட்டானா?" என்று ஒரு சகோதரி என்னிடம் கேட்டார். கடைக்காரர் எதையும் கழற்றவில்லை. கணினியை இயக்கிய உடனேயே படப் பகுதிக்கென்று ஒரு சிறு பங்கு ஒதுக்கப்பட்டுவிடுகின்றது. அந்தக் குறைவு பெரும்பாலும் அதுதான். ஆனால் அவர் கேட்டது மிக நல்ல கேள்வி. எண்களைப் பார்த்துச் சந்தேகப்படுவதிலிருந்தே விளக்கம் ஆரம்பமாகின்றது.

திரைக்கு எவ்வளவு வேண்டும்?

இதை நாங்களே கணக்குப் பார்க்கலாம். பழைய மடிக்கணினிகளில் பொதுவாகக் காணப்படும் திரை, குறுக்கே 1366 புள்ளிகளும் நெடுக்கே 768 புள்ளிகளும் கொண்டது. இரண்டையும் பெருக்கினால் 10 இலட்சத்து 49 ஆயிரத்துச் சொச்சம் புள்ளிகள். ஒரு புள்ளியின் நிறத்தைக் குறித்து வைக்க 4 பைட் தேவை. ஆகவே ஒரு முழுத் திரைக்கு ஏறக்குறைய 4 மெகாபைட் போதும்.

அப்படியானால் 64 மெகாபைட், 128 மெகாபைட் இருந்தும் ஏன் போதாமல் போகின்றது? விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கணினி கிட்டத்தட்ட ஒரு திரையைத்தான் வரைந்தது. 2007ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, திறந்திருக்கும் ஒவ்வொரு சாளரத்தையும் தனித்தனிப் படமாக நினைவில் வைத்து, அவற்றை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் முறை வந்தது. பத்துச் சாளரம் திறந்தால் பத்துப் படம். அதற்கு மேல் வீடியோ, புகைப்படம் திருத்தும் மென்பொருள், விளையாட்டு என்று ஒவ்வொன்றும் தன் பங்கைக் கேட்கும். இன்றைய தொலைபேசி ஒன்றில் எடுத்த 12 மெகாபிக்சல் படத்தைத் திறந்தாலே 48 மெகாபைட் அளவு இடம் போகும். அதன் மேல் எழுத்து, பூச்சட்டம், பின்னணி என்று அடுக்குகள் சேரச் சேர அது பெருகும்.

பழைய சில்லுகளுக்கு ஒரு கட்டாய எல்லையும் இருந்தது. 2005ஆம் ஆண்டில் வந்து பல மடிக்கணினிகளில் பொருத்தப்பட்ட இன்டெல் ஜி.எம்.ஏ. 950 என்ற படச் சில்லு, ஆகக்கூடியது 224 மெகாபைட் மட்டுமே கடன் வாங்கும். எவ்வளவு ரேம் போட்டாலும் அந்த எல்லை ஏறாது. அத்தகைய கணினியை யாராவது இலவசமாகத் தந்தாலும், கடிதம் தட்டெழுதவும் கணக்கு வைக்கவும் உதவும் என்று நினைத்து வாங்குங்கள். வீடியோ தொழிலுக்கு அது உதவாது.

கடையில் சொல்லும் இலக்கம்

"இதுல 2 ஜீபி வீஜிஏ இருக்கு அக்கா" என்று கடையில் சொல்வார்கள். 4 கிகாபைட் ரேம் உள்ள கணினியில் விண்டோஸ் 10 போட்டால், படப் பகுதி கடன் வாங்கக்கூடிய உச்ச எல்லையாக ரேமின் பாதியை, அதாவது ஏறக்குறைய 2 கிகாபைட்டை, அது காட்டும். 8 கிகாபைட் ரேம் என்றால் ஏறக்குறைய 4 கிகாபைட் என்று காட்டும். கடைக்காரர் சொல்லும் 2 ஜீபி பெரும்பாலும் இதுதான். அது கடன் எல்லை, கையிருப்பு அல்ல. சங்கத்தில் 50,000 ரூபா வரை கடன் எடுக்கலாம் என்பதும், கையில் 50,000 ரூபா இருக்கின்றது என்பதும் ஒன்றா?

இதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. விண்டோஸ் தேடல் பெட்டியில் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்ற ஆறு ஆங்கில எழுத்துகளையும் தட்டெழுதி என்டர் விசையை அழுத்துங்கள். வரும் பெட்டியில் திரை பற்றிய பக்கத்தைத் திறந்தால் படச் சில்லின் பெயரும் நினைவகக் கணக்கும் தெரியும். அதில் பிரத்தியேக நினைவகம் 32, 64 அல்லது 128 மெகாபைட் என்றும், பகிர்ந்த நினைவகம் ஆயிரத்துக்கு மேல் என்றும் இருந்தால், அது கடன் வாங்கும் கணினி. பெயரில் இன்டெல் எச்.டி. என்று மட்டும் இருந்தாலும் அதுவே பொருள்.

ஒரு சகோதரியின் அனுபவம்

2023ஆம் ஆண்டு மூதூர்ப் பக்கத்தில் ஒரு சகோதரி பட்டணத்துக் கடையொன்றில் 48,000 ரூபாவுக்கு ஒரு மடிக்கணினி வாங்கினார். கணவர் காணாமலாக்கப்பட்டவர். இரண்டு பிள்ளைகள். பாதிப் பணம் தோட்டை அடகு வைத்துப் பெற்றது, மீதி மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் எடுத்த கடன். கலியாண அல்பம், பிறந்தநாள் பதாகை செய்து கொடுத்தால் மாதக் கடனைக் கட்டிவிடலாம் என்பது அவரது திட்டம். "2 ஜீபி வீஜிஏ, எந்தப் போட்டோ வேலையும் ஓடும்" என்று கடையில் வாயால் சொல்லியிருந்தார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து ஃபொட்டோஷொப்பின் புதிய பதிப்பைப் போட முயன்றபோது அது படச் சில்லை ஏற்கவில்லை. இரண்டு வாரமாகத் தனக்குத்தான் பாவிக்கத் தெரியவில்லை என்று நினைத்து அவர் யாரிடமும் சொல்லவில்லை. "நான் படிக்காதனான் மிஸ், என்னில தான் பிழை எண்டு இருந்திட்டன்" என்றார்.

நாங்கள் பார்த்தபோது அதில் 2012ஆம் ஆண்டுத் தலைமுறையைச் சேர்ந்த இன்டெல் எச்.டி. 4000 சில்லும், ஒரேயொரு 4 கிகாபைட் ரேம் துண்டும் இருந்தன. அந்த மென்பொருளின் அண்மைய பதிப்புகள் 1.5 கிகாபைட் பட நினைவகத்தையும், புதிய தலைமுறைச் சில்லையும் கேட்கின்றன. ரேமைக் கூட்டி நினைவகப் பிரச்சினையைக் குறைக்கலாம். சில்லின் தலைமுறையை மாற்ற முடியாது.

சங்கத்துப் பெண்கள் மூன்று பேர் அவருடன் கடைக்குப் போனார்கள். பற்றுச்சீட்டில் கணினியின் பெயரும் விலையும் மட்டுமே எழுதப்பட்டிருந்ததால் பணத்தைத் திருப்பித் தரக் கடைக்காரர் மறுத்துவிட்டார். ஆயினும் நால்வரும் விடாமல் கேள்வி கேட்டதில், இன்னொரு 4 கிகாபைட் ரேம் துண்டைப் பாதி விலைக்குத் தந்தார். அதன் பின்னர் கணினி ஓரளவு வேகம் பெற்றது. ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் அவர் அடையாள அட்டைப் படங்களும் சிறிய பதாகைகளும் செய்கின்றார். பாடசாலை வினாத்தாள் தட்டெழுதுகின்றார். அல்ப வேலையைக் கைவிட வேண்டியதாயிற்று. நினைத்ததிலும் வருமானம் குறைவு என்பதால் ஆறு மாதத்தில் மீட்க நினைத்த தோட்டை மீட்க ஒரு வருடத்துக்கும் மேல் எடுத்தது.

அமெரிக்காவிலும் இதே கதை

படிக்காதபடியால் ஏமாந்தேன் என்று நினைக்கும் பெண்களுக்கு நான் ஒரு வழக்கைச் சொல்வதுண்டு. 2006ஆம் ஆண்டில், விஸ்டா வெளிவருவதற்கு முன்னரே, விற்பனைக்கு வந்த கணினிகளில் "விஸ்டாவுக்கு ஏற்றது" என்ற ஒட்டி ஒட்டப்பட்டது. விஸ்டாவின் பளபளப்பான புதிய தோற்றத்துக்குக் குறைந்தது 128 மெகாபைட் பட நினைவகமும் புதிய வகை இயக்கி மென்பொருளும் தேவைப்பட்டன. இன்டெல்லின் 915 சில்லுத் தொகுதி கொண்ட கணினிகளில் அத்தோற்றம் வரவே முடியாது. இருந்தும் அவற்றுக்கும் அந்த ஒட்டி கிடைத்தது.

2007ஆம் ஆண்டில் சியாட்டில் நகரின் சமஷ்டி நீதிமன்றத்தில் மைக்ரோசொஃப்ட் நிறுவனத்துக்கு எதிராக வழக்குத் தொடரப்பட்டது. 2008இல் அந்நிறுவனத்தின் உள் மின்னஞ்சல்கள் வெளியாகின. இன்டெல்லின் 915 கணினிகளும் ஒட்டியைப் பெறும்படி தேவைகள் தளர்த்தப்பட்டமை அவற்றில் தெரிந்தது. மைக்ரோசொஃப்ட்டின் உப தலைவர்களில் ஒருவரான மைக் நாஷ், 2,100 டொலர் கொடுத்து வாங்கிய மடிக்கணினி மின்னஞ்சல் பார்ப்பதற்கு மட்டுமே உதவுகின்றது என்று தன் சக ஊழியர்களுக்கே எழுதியிருந்தார். 2009இல் நீதிமன்றம் அவ்வழக்கின் குழு வழக்கு என்ற தகுதியை நீக்கியது.

மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் உப தலைவரே படச் சில்லில் ஏமாந்தார் என்றால், மூதூரில் ஒரு தாய் ஏமாந்ததற்கு அவரது படிப்பைக் குறை சொல்ல நியாயமில்லை. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாமல் இருக்கும் இடத்தில்தான் ஏமாற்றம் நடக்கின்றது. சமூகவியல் படித்தபோது ஏட்டில் வாசித்த இந்த உண்மையை, கிராமத்தில் கணினி, உரம், விதை, கடன் என்று எல்லாவற்றிலும் நான் கண்கூடாகக் காண்கின்றேன். எங்கள் பெண்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. கடையில் கேள்வி கேட்டால் "அது உங்களுக்கு விளங்காது அக்கா, வீட்டில ஆம்பிளை ஆரும் இருந்தா அனுப்புங்க" என்ற பதில் வரும். ஆண் துணையில்லாத வீட்டிலிருந்து வந்த பெண்ணுக்கு அந்த வார்த்தை எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நினைவகத்தைக் கூட்ட முடியுமா?

இருக்கும் கணினியில் எது சாத்தியம், எது பொய் என்பதைப் பிரித்து அறிந்துகொள்ள வேண்டும்.

மடிக்கணினிக்கு வீஜிஏ கார்ட் பூட்டித் தருகின்றோம் என்றால் நம்பாதீர்கள். மேசைக் கணினியில் அது முடியும். பெரும்பாலான மடிக்கணினிகளில் படச் சில்லு பலகையோடு சேர்ந்தே இருப்பதால் முடியாது.

மென்பொருள் மூலம் வீஜிஏயைக் கூட்டித் தருவதாகச் சொல்லிச் சிலர் பணம் வாங்குகின்றார்கள். விண்டோஸின் பதிவேட்டில் ஓர் எண்ணை மாற்றி, 128 என்று காட்டும் இடத்தில் 512 என்று காட்ட வைக்கலாம். விளையாட்டு மென்பொருள்களை ஏமாற்ற மட்டுமே அது உதவும். நினைவகம் ஒரு பைட்டும் கூடுவதில்லை.

சில கணினிகளின் பயோஸ் பகுதியில், படப் பகுதிக்கு ஒதுக்கும் அளவை 64இலிருந்து 128 அல்லது 256 ஆக மாற்ற வசதி உண்டு. இது உண்மையான மாற்றம். ஆனால் 2 அல்லது 4 கிகாபைட் ரேம் மட்டுமே உள்ள கணினியில் இதைச் செய்தால் மற்ற வேலைகளுக்கான பங்கு நிரந்தரமாகக் குறைந்துவிடும். 8 கிகாபைட் இருந்தால் செய்து பார்க்கலாம்.

உண்மையான பலன் தருவது ரேமைக் கூட்டுவதே. அதிலும் ஒரு 8 கிகாபைட் துண்டை விட, இரண்டு 4 கிகாபைட் துண்டுகளைச் சோடியாகப் போட்டால் படப் பகுதிக்குக் கூடுதல் வேகம் கிடைக்கும். கிணற்றில் ஒரு வாளிக்குப் பதிலாக இரண்டு வாளியால் அள்ளுவது போல. டி.டி.ஆர். 2, டி.டி.ஆர். 3, டி.டி.ஆர். 4 என்று ரேமில் வகைகள் உண்டு. ஒன்றுக்கு மற்றது பொருந்தாது. ஆகவே பழைய துண்டையோ கணினியையோ கடைக்குக் கையோடு கொண்டுபோங்கள்.

ரேம் நிரம்பும்போது கணினி ஹார்ட் டிஸ்க்கைத் தற்காலிக நினைவகமாகப் பாவிக்கும். பழைய சுழலும் டிஸ்க் என்றால் எல்லாம் ஆமை வேகமாகும். அதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. போட்டால் பெரிய வித்தியாசம் தெரியும்.

செலவில்லாமல் செய்யக்கூடியவை

பிள்ளையின் வகுப்பு நடக்கும்போது மற்றச் சாளரங்களை மூடிவிடுங்கள். யூடியூப் வீடியோவின் தரத்தை 480 அல்லது 360 ஆகக் குறையுங்கள். சிறிய திரையில் பாடம் படிக்க அது போதும். வீடியோ விட்டுவிட்டு ஓடுவதற்கு எல்லா நேரமும் நினைவகம் காரணமல்ல. இன்று யூடியூப் அனுப்பும் புதிய வகை வீடியோவைப் பழைய படச் சில்லுகள் விரிக்கத் தெரியாமல் முழுச் சுமையையும் கணினியின் மூளையில் ஏற்றிவிடுகின்றன. தரத்தைக் குறைத்தால் அந்தச் சுமையும் குறையும். விண்டோஸின் அசைவு, நிழல், ஒளிபுகும் தோற்றம் ஆகியவற்றை நிறுத்திவிட்டு, செயற்திறனுக்கு முதலிடம் என்ற தெரிவை வையுங்கள்.

விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020ஆம் ஆண்டு சனவரியிலும், விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதியும் முடிவுற்றன. விண்டோஸ் 11 பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை. இணையத்தில் பாதுகாப்பாக இருக்க விரும்புவோர் லுபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளங்களுக்கு மாறலாம். லினக்ஸ் மின்ட்டின் இலகுவான பதிப்பு 2 கிகாபைட்டில் இயங்கும். 4 கிகாபைட் இருந்தால் வசதியாக இருக்கும். தமிழ் யுனிகோட் தட்டெழுத்தும் லிப்ரே ஒஃபிசும் அதில் நன்றாக வேலை செய்கின்றன.

வாங்கும் முன்

முதலில் எந்த வேலைக்கு வாங்குகின்றோம் என்று முடிவு செய்யுங்கள். தட்டெழுத்து, கணக்கு, இணைய வகுப்பு என்றால் கடன் வாங்கும் படச் சில்லே போதும். 8 கிகாபைட் ரேமும் எஸ்.எஸ்.டி.யும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கலியாண வீடியோ, பெரிய அல்பம் என்றால் சொந்த நினைவகம் உள்ள வீஜிஏ தேவை. அந்தப் பணம் இல்லாவிட்டால் அந்தத் தொழிலை அந்தக் கணினியில் ஆரம்பிக்க வேண்டாம்.

கடையில் வைத்தே நீங்கள் பாவிக்கப் போகும் மென்பொருளைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மேலே சொன்ன ஆறு எழுத்துச் சோதனையைச் செய்யுங்கள். பற்றுச்சீட்டில் ரேம் எவ்வளவு, எத்தனை துண்டு, படச் சில்லின் பெயர் என்ன, பட நினைவகம் சொந்தமா பகிர்ந்ததா, உத்தரவாதம் எத்தனை மாதம் என்று எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னதை நிரூபிக்க முடியாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறைப்பாடு செய்யலாம். எழுத்தில் இருந்தால் உங்கள் முறைப்பாட்டுக்கு வலுச் சேரும்.

தனியே போக வேண்டாம். சங்கத்திலிருந்து இருவர் சேர்ந்து போங்கள். மேலே சொன்ன சகோதரியின் சங்கத்தில் இந்தக் கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கின்றார்கள். கணினி வாங்கக் கடன் கேட்கும் உறுப்பினரிடம், எந்த வேலைக்கு, எந்தச் சில்லு, எத்தனை கிகாபைட் என்று கேட்ட பிறகே கடன் கொடுக்கின்றார்கள். கொப்பியைப் பொறுப்பெடுத்து வைத்திருப்பவர் அந்தச் சகோதரியேதான். உங்கள் சங்கத்திலும் அப்படி ஒரு கொப்பியை ஆரம்பியுங்கள். அதற்கு எந்த நிதியுதவியும் தேவையில்லை.